ஊசி நின்ற பிறகு

மூன்று கமராக்களையும் மேசையில் வரிசையாக வைத்தால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலத்தான் தெரியும். மேலே ஒரு கண், கீழே ஒரு கண், பக்கத்தில் பிலிம் றோலைச் சுற்றும் கைபிடி. 1957-இல் வந்த யாஷிகா மேட், அதன் பின்னாலேயே வந்த எல்எம், 1970 முதல் 1986 வரை கடைக்கு வந்த 124ஜி. அலுமாரிக்குள் தாத்தாவின் கமராவைக் கண்டெடுத்த பிள்ளையும், கொழும்பில் பழையது தேடி அலையும் பிள்ளையும் இன்று கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இதில் எது நல்லது?

அன்று புத்தளம் மாவட்டத்தில், களப்போரத்து முந்தல் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. கையில் கிடைத்ததுதான் கமரா. 1972-இல் தேசிய அடையாள அட்டை வரத் தொடங்கியதும், அதுவரை படமே எடுத்திராத மீனவரும் தென்னந்தோட்டத் தொழிலாளியும் ஸ்டூடியோ வாங்கில் உட்கார வேண்டியதாயிற்று. அதே காலம்தான் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலமும். பாணுக்கே வரிசையில் நின்ற நாட்டில் ஜப்பான் கமராவின் புதுப் பதிப்பைப் பற்றி யார் பேசுவது? 120 றோல் ஒன்றில் பன்னிரண்டு சதுரம். பன்னிரண்டும் முடிந்தால்தான் கழுவலாம். பத்தாவது ஆளாக உட்கார்ந்தவர் தன் முகத்தைப் பார்க்க இன்னும் இரண்டு பேர் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

வெளிச்சத்தை அளக்க அன்று மீட்டர் தேவைப்படவில்லை. களப்பின் உப்பு வெயிலில் நூறு வேக பிலிமுக்கு எஃப் 16, நொடியில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு. மெல்லிய மேகம் மூடினால் ஒரு படி திறக்க வேண்டும், தென்னை நிழலென்றால் மூன்று படி. கையே கணக்கைப் பழகிக்கொண்டது.

1977-இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் வெளிநாட்டுச் சாமான் தாராளமாக வந்தது. புதியது என்றால் நல்லது என்ற நினைப்பும் கூடவே வந்தது. அந்த நினைப்பில் பிழை சொல்லவும் முடியாது. எல்எம் பற்றரியே வேண்டாத செலினிய மீட்டரைக் கொண்டிருந்தது. 124ஜி இன்னும் கெட்டிக்காரி. மூடியைத் திறந்ததும் மீட்டர் விழித்துக்கொள்ளும். ஊசி இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று கொண்டுவந்தால் கணக்குச் சரி. 120 றோலோடு 220 றோலையும் ஏற்கும். ஒரே மூச்சில் இருபத்துநான்கு படம். கலியாண வீட்டில் நடுவில் றோல் மாற்றித் தவித்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இன்று கணக்கு அப்படியே தலைகீழ். செலினியம் வயதோடும் ஈரத்தோடும் சோர்ந்துபோகிறது. எல்எம் பலவற்றில் ஊசி அசையவே மாட்டேன் என்கிறது. 124ஜி கேட்பது 1.35 வோல்ட் பாதரசப் பற்றரி. சூழலுக்குக் கேடு என்று உலகம் அதைக் கைவிட்டுவிட்டது. சாதாரண பற்றரி 1.5 வோல்ட் கொடுத்து மீட்டரைப் பொய் சொல்ல வைக்கும். காது கேட்கும் கருவியின் பற்றரியைப் போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் அது சில மாதத்தில் தீர்ந்துவிடும். 220 றோலைப் பெரிய கம்பனிகள் நிறுத்திவிட்டன. 1901-இல் கொடக் கொண்டுவந்த 120 மட்டும் இன்னும் விற்பனையில் இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் எதைக் கூட்டித் தந்ததோ, அதுதான் முதலில் செத்தது. எதுவும் கூட்டாத 1957-இன் பெட்டியில் சாவதற்கு மீட்டரே இல்லை.

அதற்காக, மூத்தது எதுவோ அதை எடு என்று சொல்லிவிடவும் முடியாது. மீட்டர் செத்த 124ஜி, மீட்டரில்லாத யாஷிகா மேட்டாக வேலை செய்யும். லென்ஸும் ஏறக்குறைய ஒரே தரம். ஆகவே பெயரைப் பார்க்காமல் உடம்பைப் பார்க்க வேண்டும். பின்கதவைத் திறந்து, ஷட்டரை 'பி'யில் வைத்து, டோர்ச் அடித்துக் கண்ணாடியைப் பாருங்கள். சிலந்தி வலை போல் படர்ந்திருந்தால் பூஞ்சை. நம் கரையின் ஈரத்துக்கு அது விருந்து. தோல் உறையில் போட்டு அலுமாரியில் பூட்டிய கமராவென்றால் கேட்கவே வேண்டாம். பிறகு ஒரு நொடியில் வைத்து அழுத்தி, காதைக் கொடுங்கள். இழுத்து இழுத்து மூடினால் எண்ணெய் இறுகிவிட்டது. கடைசிச் சோதனை களப்புக் கரையில். பிலிம் ஓடும் தடத்தில் எண்ணெய்த் தாளை ஒட்டி அக்கரைத் தென்னைகளைப் பிடியுங்கள். மேல் கண்ணில் தெளியும்போது கீழ்க் கண்ணிலும் தெளிய வேண்டும்.

இன்று ஸ்டூடியோவில் அடையாளப் படத்துக்கு இவை எதற்கும் வேலையில்லை. 2015 முதல் கடவுச்சீட்டுப் படம் பதிவுபெற்ற ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டு இணையவழியே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குப் போகிறது. பத்தாவது ஆள் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

களப்போரமும் புதியதைக் கூட்டிப் பார்த்தது. 1980-களில் இறால் பண்ணைகள் வந்தன. 1996-இல் இறாலுக்கு வெண்புள்ளி நோய் வந்தது. கண்டல் வெட்டி அமைத்த குட்டைகள் பல பாழாய்க் கிடக்கின்றன. சதுரப் படத்துக்கு அவையும் சதுரமாகவே வாய்த்திருக்கின்றன.

புத்தளம் நோக்கிய பாதையில் நின்று, கமராவை நெஞ்சருகே வைத்துத் தலைகுனிந்து பாருங்கள். இடக்கைப் பக்கம் இருக்கும் களப்பு, திரையில் வலப்பக்கம் தெரியும். படகு ஒரு பக்கம் நகர்ந்தால் துரத்தும் கை எதிர்ப்பக்கம் போகும். இந்தக் கோணல் 1929-இன் இரட்டைக் கண் ரோலிபிளெக்ஸிலும் இருந்தது, 1986-இன் 124ஜியிலும் இருந்தது. அதைத் திருத்த எந்தப் பதிப்பும் மெனக்கெடவில்லை. அதனால் அதில் பழுதாக ஒன்றும் இல்லை.