பழுக்கும் முன் குளிரில் வைக்காதீர்!

டிசம்பர் தொடங்கிவிட்டால் ஆஸ்திரேலியாவின் பீச், பிளம், நெக்டரின் பழங்கள் நம் பேரங்காடிகளில் வந்து குவியும். மலிவாக இருக்கிறதே என்று ஒரு பெட்டி வாங்கி, வீட்டுக்கு வந்ததும் ஐஸ் பெட்டிக்குள் தள்ளிவிடுகிறோம். ஒரு வாரம் கழித்து வெட்டினால் சாறே இல்லை. பஞ்சைத் தின்பதுபோல் இருக்கிறது. கடைக்காரரைத் திட்டுகிறோம். பல வேளைகளில் தவறு நம்முடையதுதான்.

பழுக்காத பீச்சுக்கு ஆகாத குளிர் சுமார் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். வீட்டு ஐஸ் பெட்டியின் குளிரும் ஏறக்குறைய அதுவே! அந்தக் குளிரில் பழத்தை இளக்கும் நொதிகள் சரிவர வேலை செய்வதில்லை. சாறு சதைக்குள்ளேயே கட்டிக்கொள்கிறது. பிறகு வெளியே எடுத்து வைத்தாலும் பயனில்லை.

ஆகவே முதலில் காகிதப் பையில் போட்டு வெளியே வையுங்கள். நம் ஊர் வெப்பத்தில் சீக்கிரம் பழுத்துவிடும், தினமும் பாருங்கள். காம்புப் பக்கம் லேசாக அழுத்தினால் இளக வேண்டும், மணமும் வர வேண்டும். அதன் பின் ஐஸ் பெட்டியில் வைத்தால் சில நாள் தாங்கும்.

மிஞ்சியதை உறைய வைக்கலாம். கொட்டையை நீக்கித் துண்டுபோட்டு எலுமிச்சைச் சாற்றில் பிசறுங்கள், கறுக்காது. தட்டில் ஒட்டாமல் பரப்பி உறைய வைத்து, பிறகு பையிலிட்டுக் காற்றை வெளியேற்றிக் கட்டுங்கள். மொத்தமாகக் கொட்டினால் பாறைதான். மைனஸ் 18 டிகிரியில் ஆறேழு மாதம் சுவை குன்றாது.

உறைந்த துண்டு இளகினால் தொளதொளத்துவிடும். பாதி உறைந்த நிலையிலேயே தயிரோடு அரைத்துக் குடிப்பது மேல்.