சனாதிபதியின் அதிகாரமும் நீதிமன்றின் எல்லையும்

அதிகாரம் யாவரிடத்து இருப்பினும் அதற்கு எல்லை வேண்டும் என்பது அரசியலறிஞர் பலர்க்கும் ஒப்பமுடிந்த கருத்தாகும். அவ்வெல்லையைக் காப்பது நீதிமன்று. ஆயின், காக்கும் நீதிமன்றுக்கும் ஓர் எல்லையுண்டு. அது யாதென இலங்கையின் அனுபவங்கொண்டு ஆராய்தல் பொருத்தமாகும்.

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, பதவியிலிருக்கும் சனாதிபதிமீது எந்நீதிமன்றிலும் வழக்குத் தொடரலாகாதென 35 ஆம் உறுப்புரையில் விதித்தது. 2015 இல் நிறைவேறிய பத்தொன்பதாந் திருத்தம் அடைபட்ட இக்கதவைச் சிறிது திறந்தது. சனாதிபதி பதவிமுறையிற் செய்த செயல் ஒருவரது அடிப்படை உரிமையை மீறுமாயின், சட்டமா அதிபரை எதிர்த்தரப்பாக்கி உயர் நீதிமன்றில் மனுச்செய்ய வழி பிறந்தது.

அதன் பயன் 2018 இற் புலனாயிற்று. சனாதிபதி மைத்திரிபால சிறிசேன நவம்பர் 9 ஆந் திகதி பாராளுமன்றத்தைக் கலைத்தார். இரா. சம்பந்தன் முதலியோர் வழக்காடினர். நான்கே நாளில் இடைக்காலத் தடை கிடைத்தது. நாலரை ஆண்டு நிறையுமுன், மூன்றிலிரண்டு பெரும்பான்மைத் தீர்மானமின்றிக் கலைத்தல் செல்லாதென டிசம்பர் 13 ஆந் திகதி நீதியரசர் எழுவர் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். எல்லை ஐயத்துக்கிடமின்றி எழுதப்பட்டிருந்தமையால் அதனைக் காத்தல் எளிதாயிற்று.

மன்னிப்பதிகாரமோ அத்தகையதன்று. 2000 டிசம்பரில் தென்மராட்சியின் மிருசுவிலிற் சிறுவர் உட்பட எண்மர் கொல்லப்பட்டனர். 2015 இல் இராணுவத்தினர் ஒருவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2019 இல் உயர் நீதிமன்று அதனை உறுதிசெய்தது. 2020 மார்ச்சிற் சனாதிபதி கோத்தாபய ராஜபக்ச மன்னிப்பு வழங்க, அவர் விடுதலையானார். நெடுங்காலம் முயன்று பெற்ற நீதி ஒரு கையொப்பத்தால் நீங்கியது. மரணதண்டனை பெற்றோரை மன்னிக்குமுன் வழக்கு விசாரித்த நீதிபதியின் அறிக்கையும் சட்டமா அதிபரின் ஆலோசனையும் பெறவேண்டுமென்பது 34 ஆம் உறுப்புரை. ஆயினும், மன்னிப்புக்கான காரணத்தை மக்களுக்கு வெளியிடுமாறு அது பணிக்கவில்லை.

இவ்வதிகாரமும் முற்றும் கட்டற்றதன்று. 2021 இல் முன்னாட் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு வழங்கிய மன்னிப்பை 2024 சனவரியில் உயர் நீதிமன்று செல்லாதாக்கியது. எனினும், அதற்குள் இரண்டரை ஆண்டுகள் கழிந்திருந்தன.

இதனாற் பெறப்படுவது யாது? நீதிமன்று தானே எழுந்து செல்வதில்லை. பாதிக்கப்பட்டோர் அதன் வாயிலை ஒரு மாதத்துள் அடைதல் வேண்டும். செயல் நிகழ்ந்தபின்னரே அது பேசும். ஆதலின், காரணங்கூறுங் கடமையைச் சட்டத்திலேயே எழுதிவைத்தலும், விழிப்புள்ள குடிமக்கள் தாமதியாது வழக்காடுதலும் இன்றியமையாதன. இவையின்றேல் தீர்ப்பு, வெள்ளம் வடிந்தபின் கட்டிய அணையே போலும்.