எச்சில் கிருமிதான் ஆசாமி! ராணுவ ரத்தத்தில் சிக்கியது துப்பு

பாஸ்டன்:-

வாலிப வயசிலேயே கண் மங்கி, கை கால் மரத்து ஆளை முடக்கிப் போடும் நரம்பு நோய் 'மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ்'. நரம்பின் மேலுறையை உடம்பின் காவல் படையே அரித்துத் தின்கிறது. அதைத் தூண்டிவிடுவது யார்? பல வருஷமாகப் பிடிபடாத கேள்வி இது.

2022-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் துப்பு துலக்கினார்கள்.

ரத்தம் சொன்ன சாட்சி

1 கோடிக்கும் மேற்பட்ட ராணுவத்தினரின் 20 வருஷ விவரங்கள் அலசப்பட்டன. எய்ட்ஸ் சோதனைக்கு எடுத்து மிஞ்சிய ரத்தம்தான் சாட்சி! நோய் கண்ட 801 பேரில், ஆரம்பத்தில் 'எப்ஸ்டீன்-பார்' வைரஸ் தொற்றாதவர்கள் 35 பேர்தான். அவர்களில் 34 பேரை நோய் தாக்குமுன் வைரஸ் தொற்றிவிட்டது! தொற்றினால் ஆபத்து 32 மடங்கு.

எச்சிலில் பரவும் இன்னொரு வைரசையும் சோதித்தார்கள். அதற்குத் தொடர்பில்லை.

பயம் வேண்டாம்

பெரியவர்களில் 100-க்குச் சுமார் 95 பேர் உடம்பில் இந்தக் கிருமி இருக்கு. நோய் வருவதோ ரொம்பச் சிலருக்கே. பரம்பரை, சிகரெட், வைட்டமின் டி குறைவு எல்லாம் இதற்குக் கூட்டாளிகள்.

தடுப்பூசிக்கு முயற்சி நடக்கிறது. திடீரென ஒரு கண் மங்கினாலோ, மரமரப்பு நாள்கணக்கில் நீடித்தாலோ அசட்டையாக இருக்காதீங்க. உடனே டாக்டரைப் பாருங்க!