புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் ஏறிய கதை

1992 மார்ச் 8, உலக மகளிர் தினம். கைப்பிடியில் கொடி பறக்க, மணியை அடித்துக்கொண்டே 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் வந்து புதுக்கோட்டை நகரத் தெருக்களை நிறைத்தார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை அந்த மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு பெண் சைக்கிள் ஓட்டிப் போனால் ஊரே நின்று வேடிக்கை பார்த்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் எழுத்தறிவு ஊட்டிய அறிவொளி இயக்கம். 1991-ல் அது புதுக்கோட்டைக்கு வந்தபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். படிக்க வந்தவர்களிலும் சொல்லிக்கொடுத்த தொண்டர்களிலும் பெண்கள் ஏராளம். ஆனால் அடுத்த ஊருக்குப் போய்வர அவர்களுக்கு வழியில்லை. எப்போதோ வரும் பஸ்ஸுக்காகக் காத்துக்கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பாவோ அண்ணனோ கணவரோ மனது வைத்துக் கொண்டுபோய் விட வேண்டும். எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தால் என்ன என்று ஆட்சியர் யோசித்தார். சைக்கிள் வாங்கப் பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க ஏற்பாடு செய்தார். ஒன்றிய அதிகாரிகளுக்கும் பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தார். அறிவொளிப் பெண் தொண்டர்களுக்காக யூனிசெஃப் 50 மொபெட்டுகளுக்கு அனுமதி அளித்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பொட்டல்களில் பயிற்சி நடந்தது. விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ரத்தினக்கல் பட்டை தீட்டும் பெண்கள், ஆசிரியைகள் என எல்லாரும் வந்தார்கள். உற்சாகப்படுத்தப் பாட்டுகள்கூடக் கட்டினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கிக்கொண்டார்கள். சிலருக்கு அதுதான் இன்னும் பிடித்துப்போனது: சீட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஓடும் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே!

தெருவில் கேலிக்கும் ஆபாசப் பேச்சுக்கும் குறைவிருக்கவில்லை. ஒருத்தி மட்டும் ஓட்டியிருந்தால் அந்தப் பேச்சே அவளை வீட்டுக்குள் திருப்பி அனுப்பியிருக்கும். ஐம்பது பேர் சேர்ந்து விழுந்து எழும்போது யாரைப் பார்த்துச் சிரிப்பது? மொத்தத்தில் ஒரு லட்சம் பெண்களாவது சைக்கிள் கற்றிருப்பார்கள் என்கிறது மதிப்பீடு. விளைபொருளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நாலு ஊர் போய் விற்பது, தண்ணீர்க் குடத்தை கேரியரில் வைத்துக் கொண்டுவருவது என அன்றாட வாழ்க்கையே மாறியது. பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் கைக்கு மிச்சமானது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இந்த மாற்றத்தை நேரில் பார்த்து எழுதினார்.

இதே புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்புக் கிளம்பியது; மன்னர் அனுமதி தந்ததால்தான் உள்ளே நுழைய முடிந்தது. 1912-ல் மருத்துவப் பட்டம் பெற்றார், பின்னாளில் சென்னை மாகாண சட்டமன்றத்தின் துணைத்தலைவராகவும் ஆனார். அவர் சாதித்ததைப் பார்த்த ஊரால், 'அவர் தனிப்பிறவி' என்று சொல்லித் தன் வீட்டுப் பெண்ணைப் பழையபடியே வைத்துக்கொள்ள முடிந்தது. பக்கத்து வீட்டு மருமகளும் எதிர்வீட்டு அத்தையும் சைக்கிளில் போகத் தொடங்கிய பிறகு அந்தச் சாக்கு எடுபடவில்லை.

தமிழக அரசு பின்னர் பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2006-ல் பீகார் அரசு, ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் தந்தது. அதன் பலனைப் பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அண்டை மாநிலமான ஜார்க்கண்டோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவிகளின் எண்ணிக்கை 32 சதவீதம் கூடியிருந்தது. சேர்க்கையில் ஆண்-பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்திருந்தது. பள்ளி தொலைவில் இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். படிப்பு வேண்டாம் என்று அந்தப் பிள்ளைகள் ஒதுங்கியிருக்கவில்லை, தூரம்தான் அவர்களைத் தடுத்திருந்தது.

ஒன்பதாம் வகுப்புக்கு வெகு முன்பே தொடங்கிவிடும் தடை ஒன்றும் உண்டு. 2017-ல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், மிகப் பெரிய புத்திசாலி ஒருவரைப் பற்றிய கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லி, அவர் ஆணா பெண்ணா என்று கேட்டார்கள். ஐந்து வயதில் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஒரே அளவில் தங்கள் பாலினத்தையே காட்டினார்கள். ஆறு, ஏழு வயதுச் சிறுமிகளிடம் அந்த உறுதி குறைந்திருந்தது. 'இது ரொம்ப ரொம்பப் புத்திசாலிகளுக்கான விளையாட்டு' என்று சொன்னதும் அதில் அவர்கள் ஆர்வமும் குறைந்தது. இத்தனைக்கும் பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்குவது பெண்கள்தான் என்பதும் அதே சிறுமிகளுக்குத் தெரிந்திருந்தது.

அப்படியானால் பெண் பிள்ளைகளுக்குத் துணிச்சல் ஊட்டினால் போதுமா? ஹரியானாவில் நடந்த ஒரு முயற்சி வேறு திசையைக் காட்டுகிறது. 'பிரேக்த்ரூ' என்ற அமைப்பு அங்குள்ள அரசுப் பள்ளிகளில் மாணவர், மாணவியர் இருதரப்பையும் வீட்டு வேலை யாருடையது, பெண் வேலைக்குப் போகலாமா என்றெல்லாம் பேச வைத்தது. வகுப்புகள் இரண்டரை ஆண்டுகள் நடந்தன. 314 பள்ளிகளை உள்ளடக்கிய ஆய்வு, இருபாலாரின் எண்ணமும் சமத்துவத்தின் பக்கம் நகர்ந்ததைக் கண்டது. நடத்தையில் அதிகம் மாறியவர்கள் பையன்கள். வீட்டு வேலையில் கைகொடுக்கத் தொடங்கினார்கள். மனம் மாறிய பெண்களால் அதே அளவுக்கு நடந்துகாட்ட முடியவில்லை, வீட்டுக் கட்டுப்பாடுகள் விடவில்லை.

பள்ளிகள் இந்த மாற்றத்தைச் சின்னச் சின்ன இடங்களிலிருந்தே தொடங்கலாம். பி.டி. பீரியடில் மைதானத்தின் நடுப்பகுதி யாருக்கு, ஆய்வகத்தில் கருவியைத் தொடுவது யார், குறிப்பெடுப்பது யார், வகுப்பறையைக் கூட்டும் முறை பையன்களுக்கும் வருகிறதா என்று ஓர் ஆசிரியர் ஒரு வாரம் கவனித்தாலே நிலவரம் தெரிந்துவிடும். வீட்டிலும் அப்படித்தான். பாத்திரம் கழுவ மகளை மட்டும் கூப்பிடும் வீட்டில், மாலையில் கபடிப் பயிற்சிக்குப் போக அவளுக்கு நேரம் இருப்பதில்லை. தம்பியும் பாதிப் பாத்திரத்தைக் கழுவினால் அவள் நேரத்தோடு மைதானத்துக்குக் கிளம்பிவிடலாம்.