இறையிலி: யாருக்கு வரி இல்லை?

சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் அடைமொழி 'இறையிலி'. 'இறை' என்பது அரசனையும் குறிக்கும், அவனுக்குச் செலுத்தும் வரியையும் குறிக்கும். நாட்டைப் பற்றிய குறள் ஒன்றில் இரண்டு பொருளும் அடுத்தடுத்தே வருகின்றன. இறை இல்லாதது இறையிலி, அதாவது வரியில்லா நிலம் என்று சொல்லிவிடுவது வழக்கம். அது பாதி உண்மைதான். பெரும்பாலான இறையிலிகளில் வரி ஒழியவில்லை. அதை வாங்கும் கைதான் மாறியது.

நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு, முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்த (பௌத்த, சமணப் பள்ளிகளுக்குரிய) இறையிலியாகக் கொடுத்தான். அதைப் பதிவு செய்த லெய்டன் செப்பேடு, ஊரின் நிலம் ஏறத்தாழ 97 வேலி என்றும் அதற்குரிய நெல் 8,943 கலத்துக்குச் சற்று மேல் என்றும் கணக்கிடுகிறது. வரியே இல்லையென்றால் நாழி என்ற சிறு அளவு வரை எதற்குக் கணக்கு? அரசுக்குப் போன நெல் இனி விகாரத்துக்குப் போகும் என்பதே பொருள். உழுதவர் களத்தில் அளந்து கொடுப்பது குறைந்ததாகச் செப்பேட்டில் பேச்சில்லை. ஊர்ச்சபைகள் செய்து கொடுத்த இறையிலி இன்னும் வெளிப்படையானது. கொடையாளி சபையிடம் ஒரு தொகையை மொத்தமாகக் கட்டுவார். 'இறைத்திரவியம்' என்று அதற்குப் பெயர். அதன் பிறகு அந்த நிலத்தின் வரியைச் சபையே ஏற்றுக்கொள்ளும். வரி மன்னிக்கப்படவில்லை, முன்கூட்டியே கட்டப்பட்டது.

இதற்கு மறுப்பும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சேரி, சுடுகாடு ஆகியவற்றையும் இறையிலி என்றே கழிக்கின்றனவே, அங்கே யார் கைக்கு வரி போயிற்று? யார் கைக்கும் இல்லை. ஆனால் அவை விளைச்சல் தராத நிலங்கள். வரி விதிக்க அங்கே எதுவும் இல்லை. முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் பெயர் பெற்றதையும் சிலர் காட்டலாம். அவன் தவிர்த்தது சுங்கத்தை, நிலவரியை அல்ல.

ஆக, விளைநிலத்தைப் பொறுத்தவரை இறையிலி என்பது நிலத்தின் தன்மையல்ல, பெறுபவரின் உரிமை. பிற்காலத்தில் இவ்வகை உரிமைகள் 'இனாம்' என்ற பெயரில் தொடர்ந்தன. சிறு இனாம்களை 1963ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டம் ஒன்று ஒழித்து, அரசுக்கு நேரடியாக வரி செலுத்தும் ரயத்துவாரி நிலங்களாக மாற்றியது.