உங்களுக்குத் தெரியுமா? ரயிலும் பஸ்ஸும் ஒரே பாலத்தில்

களுவாஞ்சிக்குடியில் தண்டவாளம் கிடையாது. ஆனாலும் வழக்கமான வழியில் கொழும்புக்குப் புறப்படும் நம் ஊர்க்காரர், பஸ்ஸில் போனாலும் ரயிலில் போனாலும், மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடந்தே ஆகவேண்டும். 2007 வரை அங்கே இரண்டுக்கும் ஒரே பாலம்தான். பிரித்தானியர் காலத்து ஒடுங்கிய இரும்புப் பாலம் அது. வாகனம் ஓடும் தளத்திலேயே தண்டவாளமும் பதிந்திருந்தது. உதயதேவி ரயில் வருகிறதென்றால் இரு கரையிலும் லொறிகள் வரிசையாக நிற்கும். ஜப்பானின் உதவியோடு, ஏறக்குறைய 300 மீற்றர் நீளத்தில் வீதிக்கென்று தனிப் பாலம் 2007 ஒக்டோபரில் திறக்கப்பட்ட பிறகுதான் பழையது ரயிலுக்கு மட்டும் என்றாயிற்று.

வாழைச்சேனை பக்கம் ஓட்டமாவடிப் பாலத்துக்கும் இதே வரலாறு. அங்கே வீதிப் பாலம் வந்தது 2010இல், ஸ்பெயின் உதவியில்.

அந்தப் பழைய பாலங்களில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஓட்டுகிறவர்கள் பயந்தது ரயிலுக்கு அல்ல, தண்டவாளத்தை ஒட்டிய பள்ளத்துக்கு. ரயில் சில்லின் விளிம்பு இறங்கி ஓட அந்த இடைவெளி இருந்தே தீரவேண்டும். அதைக் கெட்டியாக மூடிவிட முடியாது. சைக்கிள் சில்லு அதற்குள் இறங்கிவிட்டால் ஹாண்டிலைத் திருப்ப வராது. மழை நாளில் இரும்பு வழுக்கவும் செய்யும். இன்றைக்கும் எந்த ரயில் கடவையிலும் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்காமல் நேர்குறுக்காகக் கடக்கச் சொல்வது இதனால்தான்.

வீதியும் ரயிலும் ஒரே தளத்தில் சேர்ந்த இரும்புப் பாலம் வெறும் ரயில் பாலத்தைவிட வேகமாக ஏன் பழுதாகிறது? வாகனம் கொண்டுவரும் மண்ணும் சேறும் தளத்தின் இடுக்குகளில் சேர்ந்து, ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அடியில் இருக்கும் இரும்பு காயவே காயாது. தளத்தைக் கழற்றிப் பார்க்கும்வரை துரு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்றும் தெரியாது. வெறும் ரயில் பாலத்தில் கட்டைகளுக்கு நடுவே கீழே ஆறு தெரியும். மழைநீர் தங்காமல் ஒழுகிப் போய்விடும். ஆகவே பழைய பாலத்திலிருந்து வாகனங்களை இறக்கி விடுவதே அதற்குச் செய்யும் முதல் வைத்தியம்.

பழைய இரும்புப் பாலங்களில் வெல்டிங் கிடையாது, எல்லாம் ரிவெட். செக்கச்சிவக்கக் காய்ச்சிய ஆணியைத் துளைக்குள் விட்டு மறு தலையை அடித்துப் பரப்புவார்கள். ஆறும்போது அது சுருங்கி, இரண்டு தகடுகளையும் இறுக்கிக்கொள்ளும். அதைச் சோதிக்கும் முறை இன்றும் மாறவில்லை. ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு மறு பக்கத்தில் சிறு சுத்தியலால் தட்டுவார்கள். இறுக்கமான ரிவெட் கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாகச் சத்தமிட்டு விரலில் அதிரும். தலையைச் சுற்றிச் செந்நிறக் கறை வழிந்திருந்தால் அதுவும் தளர்ச்சிக்கு அடையாளம். இப்போது ரிவெட் அடிக்கத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். பழுதானதைக் கழற்றி உயர்வலு போல்ட் பூட்டுகிறார்கள், ஒவ்வொன்றாக. ஒரே நேரத்தில் பலவற்றைக் கழற்றினால் பாரம் மற்றவற்றில் ஏறி அவையும் தளர்ந்துவிடும்.

100 மீற்றர் நீளமுள்ள இரும்பு, வெப்பநிலை 30 பாகை செல்சியஸ் கூடினால் ஏறக்குறைய மூன்றரை சென்டிமீற்றர் நீளும். பாலத்தின் ஒரு முனையைப் பொருத்திவிட்டு மறுமுனையை உருளைகள் மேல் வைப்பது அதற்காகத்தான். உருளையில் மண்ணும் துருவும் ஏறி இறுகினால், இரும்பு தள்ளும் தள்ளலில் தூணின் தலை வெடிக்கும். திருத்துகிறவர்கள் ஜாக்கி வைத்துப் பாலத்தைச் சில மில்லிமீற்றர் உயர்த்தி, உருளையைத் துப்புரவாக்கிவிட்டோ மாற்றிவிட்டோ மெதுவாக இறக்கிவைப்பார்கள். மேலிருந்து பார்ப்பவர் கண்ணில் படாத வேலை, ஆனால் பெயின்ட் அடிப்பதைவிட முக்கியமான வேலை.

பாலம் விழுவதற்கு உலகெங்கும் முதன்மையான காரணங்களில் ஒன்று மேலே ஏறும் பாரமல்ல, கீழே அரிக்கும் ஆறு. மாரியில் வெள்ளம் தூணில் மோதிச் சுழன்று அடிமணலைத் தோண்டும். குழி மிக ஆழமாக இருப்பது வெள்ளம் உச்சத்தில் நிற்கும்போது. வெள்ளம் வடிய வடிய அதே ஆறு புது மணலைக் கொண்டுவந்து குழியை நிரப்பிவிடும். தண்ணீர் வற்றிய பிறகு இறங்கிப் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி இருக்கும்! வந்து நிரம்பிய மணலுக்கோ முன்பிருந்த பிடிமானம் இல்லை. மகாவலி போன்ற மணல் ஆற்றில் வெள்ளம் ஓடும்போதே ஆழம் அளக்க வேண்டும் என்பது அதனால்தான்.

இதே மாதிரி இரண்டும் சேர்ந்த பாலம் வங்காளதேசத்திலும் உண்டு, கர்ணபுலி ஆற்றின் மேல் உள்ள காலுர்காட் பாலம். 1930களில் பாவனைக்கு வந்தது, 638 மீற்றர், ஒற்றைத் தடம். ரயிலும் வாகனமும் மாறி மாறிப் போகும். காக்ஸ் பஜாருக்குப் புதிய ரயில் விடுவதற்காக 2023 ஓகஸ்டில் அதை மூடித் திருத்தத் தொடங்கினார்கள். டிசம்பரில் ரயில் ஓடிவிட்டது. வாகனங்களுக்கு 2024 ஒக்டோபர்வரை காத்திருப்பு. அதுவரை சனங்கள் ஆற்றைக் கடந்தது பாதையில் (வாகனம் ஏற்றும் மிதவையில்) ஏறி. திருவிழாக் காலத்தில் குருமண்வெளித் துறையில் நின்று மண்டூருக்குப் போனவர்களுக்கு அந்த வரிசையைச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை. திருத்தும்போது நடந்து போகிறவர்களுக்கென்று ஓரமாகத் தனி நடைபாதையும் சேர்த்தார்கள். முன்பு ரயிலுக்கும் லொறிக்கும் நடுவே ஒதுங்கி ஒதுங்கி நடந்த சனங்கள் அவர்கள்.

ஆந்திராவின் ராஜமந்திரியில் கோதாவரிப் பாலத்தில் ரயிலுக்கும் வாகனத்துக்கும் இந்தச் சண்டையே இல்லை. 1974இல் கட்டியபோதே மேல்தட்டு வீதிக்கு, கீழ்த்தட்டு ரயிலுக்கு என்று பிரித்துவிட்டார்கள். நீளம் 4 கிலோமீற்றருக்கு மேல்.

வீதிக்குத் தனிப் பாலம் கிடைத்ததும் பழையதை எல்லாரும் மறந்துபோகிறோம். அமைச்சர்களின் வாகனங்கள் அதில் போவதில்லை, செய்தியும் வருவதில்லை. ஆனால் கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் இடையே ரயிலில் போகும் ஒவ்வொரு பயணியும் மன்னம்பிட்டியின் அந்தப் பழைய இரும்பின் மேல்தான் மகாவலியைக் கடக்கிறார். புதிய பாலத்துக்குத் திறப்பு விழா எடுத்தது போல, பழையதன் பரிசோதனை முடிவையும் ஆண்டுதோறும் சனங்களுக்குச் சொல்லலாமே.

தண்டவாளத்தை மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை நீட்டும் பேச்சு பலமுறை எழுந்து அடங்கியிருக்கிறது. என்றைக்காவது அது எழுவான்கரை வழியாகக் களுவாஞ்சிக்குடிக்கு வருவதென்றால் மட்டக்களப்பு வாவியை ஓரிடத்தில் தாண்டியே ஆகவேண்டும். அப்போது கட்டும் பாலத்தில் ரயிலுக்கு ஒரு தடம், வாகனத்துக்கு ஒரு தடம், சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு ஒரு தடம் என்று முதல் வரைபடத்திலேயே மூன்றையும் பிரித்துக் கேட்க வேண்டும்.