இடுப்பில் இருப்பது எந்த மூட்டு?

மலேசியாவின் கேமரன் மலையில் 1929இல் தொடங்கப்பட்ட போ தேயிலைத் தோட்டத்திலும் அதையொட்டிய தோட்டங்களிலும், சரிவில் கால் ஊன்றி, கொழுந்துக் கூடையை முதுகில் சுமந்த தமிழர்கள் பலர் இன்று முதுமையில் இருக்கின்றனர். நெடுங்காலம் பாரம் சுமப்பது இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு ஒரு காரணம் என்று மருத்துவ ஆய்வுகள் கூறுவதால், செயற்கை மூட்டின் நெடுநாள் பலன் மலைத்தோட்டக் குடும்பங்களுக்கும் உரிய கேள்வியே.

இடுப்பு மூட்டு என்பது தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் சுழலும் அமைப்பு. அதற்குப் பதிலாக உலோக உருண்டையைப் பிளாஸ்டிக் கிண்ணத்தோடு இணைக்கும் முறையை 1960களில் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி நிலைநிறுத்தினார். இத்தகைய மூட்டுகளைப் பெரும்பான்மையாகக் கொண்ட பழைய பதிவுகளில், 100க்குச் சுமார் 58 மூட்டுகள் 25 ஆண்டு கடந்தும் நிலைத்திருப்பதாக 2019இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆகவே உலோகம் என்றதுமே அஞ்ச வேண்டியதில்லை.

சிக்கல் எழுந்தது, உருண்டை, கிண்ணம் இரண்டுமே கோபால்ட்–குரோமியக் கலப்புலோகத்தால் ஆன வகையில்தான். டிபியூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். மூட்டில் கிண்ணத்தின் ஆழம் குறைவாக இருந்தமையால், அது சற்றுச் சாய்வாகப் பொருந்தினாலும் பாரம் விளிம்பில் விழுந்தது. உரசலில் உதிர்ந்த நுண்துகள்கள் சுற்றுத் தசையைக் கருஞ்சாம்பல் நிறமாக்கிச் சிதைத்தன, உலோகம் இரத்தத்திலும் கலந்தது. ஐந்தே ஆண்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டதை இங்கிலாந்து–வேல்ஸ் மூட்டுப் பதிவேடு காட்டியது. உலகெங்கும் சுமார் 93,000 பேருக்குப் பொருத்தப்பட்ட பின், 2010 ஆகஸ்டில் அது திரும்பப் பெறப்பட்டது.

குறையை வெளிக்கொணர்ந்தவை நாடு தழுவிய பதிவேடுகளே. அத்தகைய கட்டாயப் பதிவேடு இல்லாத இந்தியாவில் ஏறத்தாழ 4,700 ஏ.எஸ்.ஆர். அறுவைகள் நடந்திருந்தும், அவற்றைச் செய்துகொண்டவர்களுள் 3,600 பேர் வரை கண்டறியப்படவில்லை என்பது மத்திய அரசின் நிபுணர் குழு அளித்த 2018ஆம் ஆண்டு அறிக்கையால் தெரியவந்தது. நட்ட ஈடு அறிவித்தும், பெற வேண்டியவர் யாரென்று தெரியாத நிலை அது. மூட்டின் குறையைவிட இதுவே பெரிய குற்றம்.

மலேசியாவில் மருத்துவச் சாதனச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டு, 2013இல் நடைமுறைக்கு வந்தது, ஏ.எஸ்.ஆர். விற்பனையில் இருந்த காலமோ அதற்கு முந்தியது. அதோடு, வேலை ஓய்ந்ததும் தோட்ட வீட்டைவிட்டு ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ பிள்ளைகளோடு குடியேறும் முதியவருடைய அறுவைக் குறிப்பு, பழைய மருத்துவமனையிலேயே தங்கிவிடுகிறது.

மூட்டுப் பெட்டியோடு வரும் ஒட்டுத்தாளில் நிறுவனத்தின் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்கி, அடையாள அட்டையோடு பத்திரப்படுத்த வேண்டும். உலோகத்தோடு உலோகம் உரசும் வகை என்று தெரியவந்தால், வலி இல்லாவிட்டாலும் எலும்பு மருத்துவரிடம் சென்று இரத்தத்தில் கோபால்ட் அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.